தந்த எலும்புக்கூடும் எங்க தாத்தாவும்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு என் அக்கா மகள் ஃபோன் பண்ணினாள். இந்த வருஷம்தான் எம்.பி.பி.எஸ் சேர்ந்திருக்கிறாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சீட். "மாமா, எத்தன வாட்டி கை கழுவுனாலும் அந்த வாசனை போகவே மாட்டேங்குது. சோத்துல கை வைக்க முடியல" என்றாள். அன்றைக்குத்தான் டிசெக்‌ஷன் ஹாலில் அவளுக்கு முதல் நாள்.

எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்த நாளைச் சொல்வார். முதல் பிரசவம், முதல் நைட் டியூட்டி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து போயிருக்கும். இது மட்டும் அப்படியே நிற்கும். அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டேன். அதைத்தான் இங்கே இழையாகப் போடுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் சரித்திரமும் வரும், எங்க வீட்டுக் கதையும் வரும். இரண்டும் ஒரே கதை என்பது எனக்கே லேட்டாகத்தான் புரிந்தது.

நான் சேர்ந்தது 2007. நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து அட்மிஷன் நடந்த முதல் வருஷம். பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. தமிழ் மீடியம். தஞ்சை மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைத்தபோது ஊரில் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார்கள். அப்பா கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார்.

முதல் நாள் டிசெக்‌ஷன் ஹால். நீள நீளமான மேசைகள். ஃபார்மலின் நெடியில் கண்ணும் மூக்கும் ஒழுகுகிறது. புது ஏப்ரன் கஞ்சி மொடமொடப்போடு நிற்கிறோம். அட்டெண்டர் அண்ணன் துணியை விலக்கினார். எனக்கு முன்னால் நின்ற பெண் அப்படியே மயங்கிச் சரிந்தாள். ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

சார் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பயமா இல்லையாப்பா?"

"இல்ல சார்."

"வீட்ல யாராச்சும் டாக்டரா?"

"இல்ல சார்."

அதோடு பேச்சு முடிந்தது. உண்மையான பதில் என்னவென்றால், எங்க தாத்தா வெட்டியான். ஊர்ச் சுடுகாட்டில் பிணம் எரித்தவர். பத்து வயசிலேயே அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பிணம் எனக்குப் புதுசு இல்லை. ஆனால் அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. ஹவுஸ் சர்ஜன் முடித்து வெளியே வரும்வரை அஞ்சரை வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை. மயங்கி விழுந்தவர்கள் அடுத்த நாள் சிரித்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார்கள். மயங்காத எனக்குத்தான் சொல்ல முடியாத ஒன்று இருந்தது.

இப்போது சரித்திரத்துக்கு வருவோம்.

தஞ்சாவூரில் மேல்நாட்டு மருத்துவத்தை முதலில் ஆசையாகப் படித்தவர் யார் என்று கேட்டால், ராஜா இரண்டாம் சரபோஜியைத்தான் சொல்ல வேண்டும். 1798-ல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே கும்பினியுடன் ஒப்பந்தம் ஆகி நிர்வாகம் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. ராஜாவுக்கு மிஞ்சியது கோட்டையும் சுற்றுப்புறமும் பென்ஷனும்தான். ஆள நாடு இல்லாதபோது மனுஷன் என்ன செய்வார்? சிலர் குடித்தே அழிந்திருக்கிறார்கள். இவர் புத்தகம் வாங்கினார். சின்ன வயதில் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி கற்றவர். சரஸ்வதி மகால் நூலகம் இன்றைய அளவுக்கு வளர்ந்ததில் பெரும்பங்கு அவருடையது. தன்வந்திரி மகால் என்று ஒன்று அமைத்து நாட்டு வைத்தியர்களையும் ஆங்கில மருத்துவத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். அங்கே சோதித்துப் பார்த்த மருந்துகள்தான் பாட்டு வடிவில் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று நமக்குக் கிடைக்கின்றன.

கண் நோயாளிகளைப் பற்றி அவர் காலத்தில் எழுதி வைத்த கேஸ் ஷீட்டுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள். யார், என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்று எழுதி, கண்ணைப் படமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்கள். மக்பீன் என்ற ஆங்கில டாக்டர் கூட இருந்திருக்கிறார். தினமும் ஓ.பி.யில் இருநூறு பேரைப் பார்த்து, சீட்டில் ரெண்டு வரி கிறுக்கும் என் போன்றவர்களுக்கு அதைப் பார்த்தால் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது கண்ணைப் பற்றி இல்லை, எலும்பைப் பற்றி.

1826-ல் பிஷப் ஹீபர் தஞ்சாவூருக்கு வந்தார். (அதே பயணத்தில் சில நாளிலேயே திருச்சியில் இறந்துபோனார்.) அவரோடு வந்தவர்கள் ராஜாவின் நூலக அறையில் என்னென்ன இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பல பாஷைப் புத்தகங்கள், காற்று உறிஞ்சும் பம்பு, மின்சாரம் உண்டாக்கும் கருவி, வானம் பார்க்கும் கருவிகள். இவற்றோடு ஒரு எலும்புக்கூடு. தந்தத்தில் செய்த எலும்புக்கூடு.

ஏன் தந்தம்? மனித எலும்பு அரண்மனைக்குள் வரக்கூடாது. தீட்டு. உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை, ஆனால் செத்தவன் எலும்பைத் தொட முடியாது. அதனால் தந்தம். யானையின் பல்லும் செத்த உடம்பிலிருந்து வந்ததுதான் என்று யாரும் அவரிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை. தீட்டு என்பது எலும்பில் இல்லை, அது யாருடையது என்பதில் இருக்கிறது.

அந்த அரண்மனையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பிணம் எரித்துக்கொண்டு, மண்டையோடும் நெஞ்செலும்பும் எப்படி இருக்கும் என்று அன்றாடம் பார்த்துக்கொண்டு ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர்களிடம் போய் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். எலும்பைத் தெரிந்தவனுக்குப் படிப்பு கிடையாது. படிப்பு இருந்தவர் எலும்பைத் தொட முடியாது. எனக்கு அந்தத் தந்த எலும்புக்கூடு அழகான கலைப்பொருளாக மட்டும் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

நம் ஊரில் ஆதியிலிருந்தே இப்படியா என்றால் இல்லை. சுஸ்ருத சம்ஹிதையில் பிணத்தை வைத்து உடற்கூறு படிக்கும் முறை இருக்கிறது. உடலைப் புல்லில் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடுகிற ஆற்றில் மறைவான இடத்தில் ஏழு ராத்திரி ஊறப்போடு; பிறகு எடுத்து, தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தேய்த்துத் தோலிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பார் என்கிறது. கத்தியால் வெட்டுவதாக இல்லை, தேய்ப்பதாகத்தான் இருக்கிறது. காவிரிக் கரைக்காரனுக்கு அந்தக் காட்சியை நினைத்துப் பார்ப்பது கஷ்டமே இல்லை. நடுவில் எங்கேயோ அந்தப் பழக்கம் அறுந்து, தொடுவதே பாவம் என்றாகிவிட்டது.

வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் எல்லாம் சுத்தமாக நடந்ததா? 1752-லிருந்து அங்கே சட்டப்படி டிசெக்‌ஷனுக்குக் கிடைத்தது தூக்கில் போட்ட கொலைகாரர்களின் உடல்கள். சாவுக்கு மேல் அது ஒரு கூடுதல் தண்டனை. மருத்துவப் பள்ளிகள் பெருகியபோது பிணம் போதவில்லை. ராத்திரியில் கல்லறையைத் தோண்டி விற்கும் தொழில் உண்டானது. 1828-ல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்று ரெண்டு பேர் ஒரு படி மேலே போனார்கள். எதற்குத் தோண்ட வேண்டும் என்று, பதினாறு பேரைக் கொன்றே டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறு வகுப்புக்கு விற்றார்கள். ஹேர் அரசுத் தரப்பு சாட்சியாகித் தப்பினான். பர்க்கைத் தூக்கில் போட்டு, அவனையே டிசெக்‌ஷன் பண்ணினார்கள். அவன் எலும்புக்கூடு இன்னமும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நிற்கிறது.

அந்தக் களேபரத்துக்குப் பிறகு 1832-ல் பிரிட்டனில் உடற்கூறியல் சட்டம் வந்தது. கொலைகாரர்களின் உடலுக்குப் பதிலாக இனி உரிமை கோர ஆள் இல்லாத உடல்கள். ஏழைகள் விடுதியில், ஆஸ்பத்திரியில் செத்து, எடுத்துப்போக யாரும் வராதவர்கள். நேற்று வரை கொலைக்குக் கொடுத்த தண்டனை இனிமேல் வறுமைக்கு என்று அங்கேயே அப்போது ஏழைகள் கொதித்தார்கள். நம் சரபோஜி இறந்ததும் அதே 1832-ல்தான்.

மூன்று வருஷம் கழித்து, 1835-ல், கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியும் சென்னையில் மருத்துவப் பள்ளியும் தொடங்கின. 1836-ல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா பிணத்தில் கத்தி வைத்தார். சம்ஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் சொல்லிக்கொடுத்தவர், வைத்தியர் சாதி. அதைக் கொண்டாட வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்று ஒரு கதை எல்லா அனாட்டமி வாத்தியாரும் சொல்வார். முழங்கியதோ இல்லையோ, அப்படி ஒரு கதை தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள். உயர்ந்த சாதிக்காரர் ஒருத்தர் பிணத்தைத் தொட்டால் பீரங்கி. அந்தப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டவன் யார் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இதில் ஃபார்மலினையும் மறக்கக்கூடாது. அது உடலைக் கெடாமல் வைக்கும் என்று கண்டுபிடித்ததே 1890களில்தான். அதற்கு முந்தைய அறுபது வருஷம் நம் வெயிலில் அந்த மாணவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் மருமகளே, கை நாறுகிறது என்று அழாதே. அந்த நாற்றம் ஒரு வரப்பிரசாதம்.

தஞ்சாவூரிலும் வெள்ளைக்காரன் காலத்திலேயே மருத்துவப் பள்ளி ஒன்று இருந்து மூடப்பட்டது. டவுனுக்குள் இருக்கும் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியும் அந்தக் காலத்ததுதான். பேரிலேயே பணம் எங்கிருந்து வந்தது என்று இருக்கிறது: நிலம் வைத்திருந்த மிராசுதார்கள். அந்த நிலத்தில் நெல் விளைவித்தவர்கள் எங்க ஆளுங்க. அதனால் அந்தக் கட்டடத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று பிரசவ வார்டு டியூட்டி பார்க்கும்போது மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். கல்லூரி வந்தது 1950களின் கடைசியில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது. அப்போதைய எம்.எல்.ஏ பரிசுத்த நாடார் முன்னின்று உழைத்தார்.

அதற்குள் நமக்கும் சட்டம் வந்துவிட்டது. 1951-ல் மெட்ராஸ் மாநில உடற்கூறியல் சட்டம். சாராம்சம் 1832-ல் வந்த அதே பிரிட்டிஷ் சட்டம்தான்: ஆஸ்பத்திரியில், சிறையில், பொது இடத்தில் இறந்து, சொந்தம் என்று யாரும் வராத உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கலாம்.

யார் அப்படி இறக்கிறார்கள் என்று அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் தெரியும். "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 60." பஸ் ஸ்டாண்டில் கிடந்தார், கோயில் வாசலில் கிடந்தார் என்று 108-ல் கொண்டுவருவார்கள். டெல்டாவுக்குக் கோயில் அதிகம், அதனால் இப்படி வருகிறவர்களும் அதிகம். வேளாங்கண்ணிக்கோ கும்பகோணத்துக்கோ கூட்டி வந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேஸ் ஷீட்டில் பேர் எழுதும் இடத்தில் கோடு போடும்போது இன்னமும் எனக்கு ஒரு நொடி பேனா நிற்கும். நான் முதல் வருஷம் தொட்டுப் படித்த உடம்புக்கும் யாரோ ஒரு டியூட்டி டாக்டர் இப்படித்தான் கோடு போட்டிருப்பார்.

அடுத்தது எலும்பு. முதல் வருஷத்தில் எல்லோரிடமும் ஒரு போன் செட் இருக்கும். சீனியரிடம் வாங்கி, படித்து முடித்ததும் ஜூனியருக்குக் கைமாற்றுவது. என்னுடையது ஒரு பழைய சாக்குப் பையில் வந்தது. பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மா பார்த்துவிட்டு வாசப்படி தாண்ட விடவில்லை. மாட்டுக் கொட்டகையில் வைத்துப் படித்தேன். வெட்டியான் வீட்டு மருமகள்தான், ஆனாலும் வீட்டுக்குள் எலும்பு வரக்கூடாது! சரபோஜி ராஜாவும் எங்கம்மாவும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி.

இந்த எலும்புகளின் கதை தனி. சரபோஜி காலத்தில் மனித எலும்பு ஆகாது என்று தந்தம் தேடிய அதே நாடுதான், பின்னால் உலகத்துக்கே எலும்பு ஏற்றுமதி பண்ணியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மருத்துவ மாணவர்கள் பல தலைமுறை படித்தது இந்திய எலும்புகளை வைத்து. கல்கத்தாதான் சந்தை. சுடுகாட்டிலும் ஆற்றங்கரையிலும் உடலை எடுத்து, சதையைப் போக்கி, வெளுத்துக் கொடுத்தவர்கள் டோம் சாதிக்காரர்கள், எங்க தாத்தா மாதிரி ஆட்கள். கம்பி கோத்து, பெட்டியில் அடுக்கி, கப்பலில் ஏற்றிச் சம்பாதித்தவர்கள் வேறு. 1985-ல் மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்கப்புறமும் திருட்டுத்தனமாக நடந்தது. நான் காலேஜ் சேர்ந்த அதே 2007-ல் மேற்கு வங்கத்தில் பூர்வஸ்தலி என்ற ஊரில் எலும்புப் பட்டறையைப் போலீஸ் பிடித்தது.

அந்தச் செய்தியை நான் ரொம்பப் பின்னால்தான் படித்தேன். படித்த அன்றைக்கு என் சாக்குப் பைதான் ஞாபகம் வந்தது.

இப்போது தாத்தா. எங்க ஊரில் கர்ணம், மணியக்காரர் எல்லாம் 1980-ல் ஒழிந்து வி.ஏ.ஓ வந்துவிட்டார். சுடுகாட்டுக்கு மட்டும் பழைய முறையேதான். சாவு விழுந்தால் சொல்லி அனுப்புவார்கள். போக வேண்டும். கூலி என்று பேச்சு கிடையாது. அறுவடைக்குக் களத்தில் கொஞ்சம் நெல், எழவு வீட்டில் கோடித்துணி, கொஞ்சம் காசு. அவர் எரித்த பிணத்தின் வீட்டு வாசல் திண்ணையில் அவர் உட்கார முடியாது. அவர் செத்தால் அந்தச் சுடுகாட்டில் அவருக்கு இடம் இல்லை, எங்க தெருவுக்கு வேறு சுடுகாடு. ஆற்றோரம், வயல் வரப்பு வழியாகத் தூக்கிப் போகணும். நடவு நட்டிருந்தால் அதற்கும் தகராறு.

தாத்தா படிக்காதவர், ஆனால் அனாட்டமி தெரிந்தவர். "ஆம்பளைக்கு நெஞ்சு, பொம்பளைக்கு இடுப்பு. கடேசில வேகுறது அதாண்டா" என்பார். நான் இடுப்பெலும்பு படிக்கும்போது அதன் கனத்தைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, தாத்தா சொன்னது இதைத்தானா என்று நினைத்துக்கொண்டேன். சேக்ரம் என்ற எலும்புக்கு லத்தீனில் புனித எலும்பு என்று அர்த்தம். அதை நான் அவரிடம் லீவில் போய்ச் சொன்னேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். நுரையீரல் முழுக்கப் புகை, இருமிக்கொண்டே சிரித்தார். "எல்லா எலும்பும் அப்டித்தாண்டா. நாம தொடறவரைக்கும்."

நெருப்பு வைக்குமுன் அவர் ஒன்று செய்வார். பிணத்தின் தலைமாட்டில் குனிந்து, "சாமி, போய்ட்டு வாங்க" என்று மெதுவாகச் சொல்வார். பண்ணையாராக இருந்தாலும் பச்சைக் குழந்தையாக இருந்தாலும் ஒரே வார்த்தை. உயிரோடு இருந்தபோது அவரை வாடா போடா என்று கூப்பிட்டவர்களுக்கும் அதே சாமிதான். எனக்கு அது அப்போது பிடிக்காது. இப்போதும் முழுசாகப் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு 2019-ல் வந்த புதுப் பாடத்திட்டத்தில் முதலில் ஃபவுண்டேஷன் கோர்ஸ் இருக்கிறது. டிசெக்‌ஷனுக்கு முன்னால் உறுதிமொழியும் எடுக்கிறார்கள்: இந்த உடலை மரியாதையோடு நடத்துவேன், இவர்தான் என் முதல் ஆசிரியர் என்று. எங்களுக்கு அதெல்லாம் இல்லை. தானாக எழுதிக்கொடுத்து உடல் தானம் செய்கிறவர்களும் இப்போது வருகிறார்கள். ஜோதிபாசு 2010-ல் கொடுத்தார், யெச்சூரி 2024-ல் எய்ம்ஸுக்குக் கொடுத்தார். பெரிய தலைவர்கள் கொடுக்கும்போது ஊரில் நாலு பேர் துணிகிறார்கள். கொடுத்த உடலுக்கும் எடுத்துக்கொண்ட உடலுக்கும் வித்தியாசம் உண்டு. கொடுத்தவருக்குப் பேர் இருக்கிறது.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"மாமா, இன்னிக்கு எங்க மேடமும் கேட்டாங்க, பயமா இல்லையான்னு. நான் மயக்கம்லாம் போடல."

"என்ன சொன்ன?"

"எங்க கொள்ளுத் தாத்தா வெட்டியான் மேடம்னு சொன்னேன். பக்கத்துல நின்ன பிள்ளைங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. மேடம் ஒண்ணும் சொல்லல. சரி, நீயே முதல்ல வான்னு கத்தியக் கையில குடுத்துட்டாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவளே தொடர்ந்தாள். "அத விடுங்க. நாளைக்கு கிளாவிக்கிள் கேப்பாங்களாம். எது வலது எது இடதுன்னே தெரியல மாமா."

தட்டையான முனை தோள் பக்கம், உருண்டையான முனை நெஞ்சுப் பக்கம். நீளவாக்கில் பள்ளம் இருக்கிற பக்கம் கீழே. நெஞ்சுப் பக்கத்து மூணில் ரெண்டு பங்கு முன்னால் பிதுங்கி வளைந்திருக்கும். அப்படிப் பிடித்து உன் தோளோடு வைத்துப் பார், எந்தப் பக்கம் பொருந்துகிறதோ அந்தப் பக்கம். எலும்பைக் கீழே போட்டுவிடாதே.